பாயிரம் இல்லாத செய்திகள்

பெங்களூருவில் வாழும் நம் குடும்பங்களில் இப்போது தமிழ் அதிகமாகப் படிக்கப்படுவது எங்கே என்று கேட்டால், புத்தகத்திலும் இல்லை, வாரப் பத்திரிகையிலும் இல்லை. கைபேசியின் வாட்ஸப் திரையில்தான். அம்மா வழிச் சொந்தங்களுக்கு ஒரு குழு, அப்பா வழிக்கு ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒன்று, பிள்ளைகளின் பள்ளிக்கு ஒன்று, ஊர்க் கோயில் திருப்பணிக்கு ஒன்று, சங்க வேலைகளுக்கென்று இரண்டோ மூன்றோ. காலை ஆறு மணிக்குச் சாமி படத்தோடு தொடங்குவது, இரவு பதினொரு மணிக்கு மூட்டுவலி வைத்தியத்தில் போய் நிற்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்த பிறகு இந்த வெள்ளத்துக்கு அணையே கிடையாது. "படிக்க எங்க சார் நேரம்? அழிக்கிறதுக்கே அரை மணி ஆகுது" என்று புலம்பாத நண்பர் எனக்கு ஒருவர்கூட இல்லை.

இந்தப் புலம்பலுக்கு இரண்டு மருந்துகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, விரதம். ஞாயிற்றுக்கிழமை கைபேசியைத் தொடாதே, குழுவை ஊமையாக்கி வை, முடிந்தால் வெளியேறிவிடு. நல்ல யோசனைதான். ஆனால் வெளியூரில் இருக்கும் நமக்கு ஊரில் ஒரு சாவு, ஒரு நிச்சயதார்த்தம் என்றால் சேதி வருவது அதே குழுவில்தானே? விரதம் இருந்தவர் திங்கட்கிழமை காலையில் நானூறு செய்திகளுக்கு நடுவே துக்கச் செய்தியைத் தேடிக்கொண்டிருப்பார். வெளியேறினாலோ, "பெங்களூர்க்காரனுக்குக் கொழுப்பு" என்ற பட்டம் இலவசம்.

இன்னொரு மருந்து கொஞ்சம் ஆழமானது. அமெரிக்க எழுத்தாளர் க்ளே ஷிர்கி 2008-இல் நியூயார்க்கில் ஆற்றிய ஓர் உரையில், தகவல் மிகுதி என்பது புதிய நோயே அல்ல என்று வாதிட்டார். அச்சு இயந்திரம் வந்த காலத்திலிருந்தே ஒரு மனிதன் ஆயுளில் படிக்கக்கூடியதைவிட அதிகமான நூல்கள் உலகில் உண்டு. அன்று பதிப்பாளர் கைக்காசைப் போட்டு அச்சடித்ததால் அவரே சல்லடையாகவும் இருந்தார். இணையத்தில் வெளியிடுவதற்குச் செலவில்லை, ஆகவே சல்லடையும் இல்லை. பெருக்கத்தைக் குறை சொல்லாதே, சல்லடையைச் சரிசெய் என்பது அவர் கட்சி. சமூக வலைத்தளங்கள் இதைத் தங்கள் வழியில் செய்தன. ஃபேஸ்புக் 2006-இலேயே செய்தியோடையைக் கொண்டு வந்தது. பின்னால் அதில் எது மேலே, எது கீழே என்பதை இயந்திரமே தீர்மானித்தது. இன்று எக்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் ட்விட்டர், கால வரிசையை மாற்றி 2016-இல் அதே பாதைக்கு வந்தது. அந்தச் சல்லடையின் கண்கள் எந்த அளவில் அமைந்தவை என்பதுதான் கேள்வி. எது நம்மைத் திரையில் அதிக நேரம் பிடித்து வைக்கிறதோ அது தங்கும். எது உண்மையோ அது தங்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

வாட்ஸப் குழுவில் அந்தச் சல்லடையும் கிடையாது. 2016 ஏப்ரலிலிருந்து செய்திகள் முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டு வருவதால், உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த நிறுவனமே படிக்க முடியாது. இங்கே சல்லடை நம் அத்தையும் சித்தப்பாவும்தான். ஷிர்கியின் விடை நம் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

அதற்கு அப்பால் போக ஒரு சின்ன விஷயத்தை யோசித்துப் பார்க்கலாம். ஒரு நாளிதழில் எத்தனையோ செய்திகள் இருக்கின்றன. அதைப் படித்து யாரும் மூச்சுத் திணறியதாகக் கேள்விப்பட்டதில்லை. காரணம், பத்திரிகையின் பெயர் மேலே இருக்கிறது, தேதி இருக்கிறது, செய்தி தொடங்கும் இடத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறது, கொடுத்த செய்தி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் இதை எவ்வளவு நம்பலாம், எனக்கு வேண்டியதா வேண்டாததா என்று கண் முடிவு செய்துவிடுகிறது. ஃபார்வர்டாக வரும் துண்டில் இவை எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு துண்டிலும், ஒரு பத்திரிகை அலுவலகம் செய்யும் வேலை முழுவதையும் நாம் ஒருவரே செய்யவேண்டியிருக்கிறது. நம்மைக் களைப்படையச் செய்வது செய்தியின் எண்ணிக்கையைவிட இந்த வேலைதான் என்பது என் எண்ணம்.

இல்லாமல் போன அந்தப் பொருளுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: பாயிரம்.

பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பவணந்தி முனிவர், கங்கர் குலத்துச் சீயகங்கன் ஆதரவில் நன்னூலை இயற்றினார். கங்கர் என்றால் கோலாரையும் பிறகு தலக்காட்டையும் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள்; அந்த வகையில் நம் பக்கத்துக்காரர்கள் என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பவணந்தியார் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளைச் சொல்கிறார். எழுதியவர் பெயர், எந்த வழியில் வந்தது, எந்த நில எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர், எப்படிக் கட்டப்பட்டது, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு, என்ன பயன். இவற்றோடு காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பவர்கள் உண்டு என்கிறார். எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லையென்றால் அதை நூலென்றே எண்ண அவர் தயாராக இல்லை. பள்ளிப் பருவத்தில் இதை மனப்பாடம் செய்தபோது, இலக்கணக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தவர்கள் நம்மில் பலர். ஓலையில் எழுதி, ஒருவர் பார்த்து இன்னொருவர் படியெடுத்து வந்த காலத்தில், ஒரு சுவடியைக் கையில் எடுத்தவன் உள்ளே நுழையலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது.

படியெடுத்துப் பரப்புவது நமக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இறையனார் அகப்பொருளின் உரை, தான் கைமாறி வந்த கதையைத் தானே சொல்கிறது. நக்கீரரில் தொடங்கி, தேனூர் கிழார் முதலானோர் வழியாக, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை பத்துப் பேர். யார் யாருக்குச் சொன்னார் என்று வரிசையாகப் பெயர்கள். இன்றைய மொழியில் சொன்னால், பத்து முறை ஃபார்வர்டு செய்யப்பட்டு, அனுப்பிய ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்ட செய்தி. வேடிக்கை என்னவென்றால், முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு என்ற கணக்குகளும் அதே உரையில்தான் வருகின்றன. இதை அப்படியே நம்பும் ஆராய்ச்சியாளர்கள் குறைவு. பெயர் வரிசை இருப்பதாலேயே உள்ளே இருப்பதெல்லாம் உண்மையாகிவிடாது. ஆனால் எந்த உரையில், எந்த வழியில் வந்த கணக்கு என்று தெரிவதால்தான் அதை எடுத்து வைத்து, எடை போட்டு, ஒதுக்கவோ ஏற்கவோ முடிந்தது.

பெயர் தொலைந்துபோன இடத்தில் நம் தொகுப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. குறுந்தொகையில் சில பாட்டுகளுக்குப் பாடியவர் பெயர் தெரியவில்லை. தொகுத்த பூரிக்கோவோ, அவருக்கு முன்பின் சுவடியைக் காத்தவர்களோ, கபிலர் என்றோ பரணர் என்றோ எழுதிவைத்திருக்கலாம். பாட்டின் மதிப்பு கூடியிருக்கும், கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அப்படிச் செய்யவில்லை. பாட்டுக்குள் இருக்கும் ஓர் அழகிய தொடரையே எடுத்துப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். "இவர் பெயர் எங்களுக்குத் தெரியாது" என்பதை இவ்வளவு நாகரிகமாக ஒப்புக்கொண்ட தொகுப்பு வேறு மொழியில் இருந்தால் யாராவது எனக்குச் சொல்லவேண்டும். இன்று யாரோ எழுதிய ஒரு பொன்மொழி பெயர் தொலைந்து வந்தால், அடியில் உடனே அப்துல் கலாம் என்று ஒட்டிவிடுகிறோம். காதல் என்றால் கண்ணதாசன், விஞ்ஞானம் என்றால் சுஜாதா, மருந்து என்றால் போகர். பெயர் இல்லாததைவிடப் பொய்ப் பெயர் பெரிய கேடு. தெரியாது என்பது தெரிந்தால் தேடுவோம். தெரியும் என்று நினைத்தால் அங்கேயே நின்றுவிடுவோம்.

பாயிரம் கேட்பது எவ்வளவு சுலபமான கருவி என்பதற்கு, நம் எல்லோருக்கும் வந்திருக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மெக்காலே பிரபு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசியதாக ஒரு துண்டு. இந்தியா முழுக்கச் சுற்றினேன், பிச்சைக்காரனையோ திருடனையோ காணவில்லை, இவர்கள் கல்வியை உடைத்தால்தான் இவர்களை வெல்லலாம் என்ற பொருளில் போகும். தேதியும் கொடுத்திருப்பார்கள்: 2 பிப்ரவரி 1835. வரலாற்றுப் பேராசிரியர் யாரும் வேண்டாம், காலமும் களமும் போதும். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கி, உதகை போய், பிறகு கல்கத்தாவுக்குச் சென்றவர். 1838-இல்தான் இங்கிலாந்து திரும்பினார். 1835 பிப்ரவரி 2 அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார். அன்றைய தேதியிட்டுத்தான் கல்வி பற்றிய தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். கல்கத்தாவில் எழுதிக்கொண்டிருந்தவர் லண்டனில் எப்படிப் பேசியிருக்க முடியும்?

இதில் எனக்கு வருத்தம் பொய் பரவியது மட்டுமல்ல. அன்று அவர் உண்மையில் எழுதிய குறிப்பு இருக்கிறதே, அதில் நம் இலக்கியங்கள் அனைத்தையும் ஓர் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரிக்கு ஈடாகாதவை என்று எழுதியிருக்கிறார். கோபப்பட வேண்டியவர்களுக்கு அதுவே தாராளம். இந்தப் பொய்த் துண்டு வந்து அந்த உண்மைக் குறிப்பை மறைத்துவிட்டது. படித்தவர்களே அசலைத் தேடிப் படிப்பதில்லை. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததென்று யுனெஸ்கோ அறிவித்ததாக வரும் வாழ்த்தும் இதே ரகம்; அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று அந்த அமைப்பே 2008-இல் சொன்ன பிறகும் ஆகஸ்ட் 15 வந்தால் அது வராமல் இருப்பதில்லை.

இதெல்லாம் போகட்டும், யாருக்கும் காயமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. காயம் பட்டிருக்கிறது. அதுவும் நம்மைப் போல் பிழைக்க வந்த இடத்தில் இருப்பவர்களுக்கு.

2012 ஆகஸ்டில் இதே பெங்களூருவில் நடந்ததைப் பார்த்தவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். அசாமில் கோக்ராஜார் கலவரத்துக்குப் பிறகு, வடகிழக்கு மாநிலத்தவர்களை இங்கே தாக்கப்போகிறார்கள் என்று குறுஞ்செய்திகள் பரவின. உணவகங்களிலும் காவல் பணியிலும் வேலை பார்த்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடவேண்டியிருந்தது. ஆகஸ்ட் 17 அன்று மத்திய அரசு, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது என்று 15 நாள் கட்டுப்பாடு விதித்தது.

ஆறு வருடம் கழித்து, அதே ஐந்து திரும்பி வந்தது. 2018-இல் குழந்தை கடத்தும் கும்பல் பற்றிய வதந்தி வாட்ஸப்பில் நாடு முழுவதும் ஓடியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு முதிய பெண்மணியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். அதே மாதம் பெங்களூரு சாமராஜ்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர். கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் அந்த இடத்துக்குப் புதியவர்கள். அவர்களைத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை.

அந்த வதந்தியோடு சேர்ந்து ஓடிய ஒரு காணொளியின் கதை தெரிந்துகொள்ள வேண்டியது. தெருவில் விளையாடும் குழந்தையை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தூக்கிச் செல்கிறார்கள். பார்த்தால் யாருக்கும் பதறும். அது பாகிஸ்தானில் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அசலின் கடைசியில் அதே ஆட்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டு வந்து விட்டு, விழிப்புணர்வு வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டார்கள். அது படத்தின் பாயிரம்: யார் எடுத்தது, எந்த ஊர், எதற்காக, யார் பார்ப்பதற்கு. சில வினாடிகளை வெட்டியதும், படத்தில் ஒரு காட்சிகூட மாறாமலே அது வேறு பொருளாகிவிட்டது.

வாட்ஸப் நிறுவனம் 2018 ஜூலையில் இரண்டு காரியம் செய்தது. கைமாறி வந்த செய்தியின் தலையில் "ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்று ஒரு சீட்டு. இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்ற வரம்பு. 2019 ஜனவரியில் அந்த வரம்பு உலகம் முழுமைக்கும் ஆயிற்று. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே கூறியது. குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்தச் சீட்டு அரைப் பாயிரம் என்பதைக் கவனிக்கவேண்டும். கைமாறி வந்தது என்று சொல்கிறது. யார் கையிலிருந்து என்று சொல்வதில்லை. முசிறி நீலகண்டனார் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஒன்பது பேரையும் அழித்ததுபோல.

2023 மார்ச்சில் காற்று எதிர்ப்பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. வேறெங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் படங்கள் அவை. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. தொழிலாளர்களின் பயத்தைப் போக்கத் தமிழகக் காவல்துறை இந்தியில் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு அந்தத் தொழிலாளர்களின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது கஷ்டமாக இல்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் இரண்டு பக்கமும் அடிதடிக் காணொளிகள் சுற்றியபோது, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் இங்கே எரிந்ததை நாம் பார்த்தவர்கள்தானே.

சரி, "யார் சொன்னது?" என்று கேட்டுவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் நம் வீட்டுச் சிக்கல் வருகிறது. அனுப்பியவர் பெரியப்பா. எழுபத்தைந்து வயது. ஊரில் தனியாக இருக்கிறார். அவருக்கு அந்தத் துண்டு ஒரு தகவலே அல்ல; "நான் எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன், உங்களை நினைத்தேன்" என்பதற்கு அது ஒரு சாக்கு. அவரிடம் போய், "பெரியப்பா, இது பொய், இந்தாங்க சரிபார்த்த சுட்டி" என்று குழுவில் எல்லோர் முன்னாலும் போட்டால், மெக்காலே பிழைத்துக்கொள்வார், பெரியப்பா முகம் வாடிவிடும். இளைய தலைமுறை இதைச் செய்துவிட்டு, "உண்மையைத்தானே சொன்னேன்?" என்று கேட்கிறது. பேசாமல் ஒரு கும்பிடு எமோஜி போட்டுவிட்டு நகரும் நடுத்தலைமுறையும் சரியில்லை. அந்தக் கும்பிடைப் பார்த்துத்தான் அவர் அதை அடுத்த ஐந்து பேருக்கு அனுப்புகிறார்.

கேள்வியாகக் கேட்டால் கொஞ்சம் பலிக்கிறது. "பெரியப்பா, இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க? எந்த வருஷத்துச் சங்கதி இது?" தனியாக, தொலைபேசியில். இதில் மறுப்பு எதுவும் இல்லை. வழியும் காலமும் கேட்பதுதான். பல பெரியவர்களுக்குக் கேட்கப்படுவது பிடித்திருக்கிறது. அவர்களே யோசித்து, "அட, அதுல பேரே இல்லையேப்பா" என்பார்கள். இன்னொரு காரணத்துக்காகவும் இது முக்கியம். இங்கே பிறந்து வளர்ந்து, எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கண்ணில் படும் தமிழ் உரைநடை பெரும்பாலும் இந்தத் துண்டுகள்தான். தமிழில் எழுதியிருந்தால் அது சரிபார்க்காதது, ஆங்கிலத்தில் இருந்தால் நம்பலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டால், அதைப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் எடுக்க முடியாது. பூரிக்கோவின் மொழிக்கு இப்படி ஒரு பெயர் வரலாமா?

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், எதை அனுப்பினாலும் மேலே இரண்டு வரி தன் கையால் தட்டுகிறார். "மைத்துனர் அனுப்பியது. எழுதியவர் பெயர் இல்லை. நான் சரிபார்க்கவில்லை, படிக்க நன்றாக இருந்தது." இதைத் தட்டுவதற்குச் சோம்பல்பட்டே, ஒரு நாளைக்கு இருபது அனுப்பிக்கொண்டிருந்தவர் இப்போது மூன்றோ நான்கோதான் அனுப்புகிறார். அவர் அனுப்புவதை நான் திறந்து படித்துவிடுகிறேன். முன்பு கிடைத்த அளவுக்குக் கும்பிடு எமோஜி இப்போது வருவதில்லை என்று அவருக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.